பெரட்டுச் சங்கின் சுருதி

கிருஷ்ணராஜ் வாசிப்பது நாலு கம்பி பேஸ் கிட்டார். மிச்சக் கம்பி எங்கே என்று கேட்டுக் கேட்டே லயத்து வரிசைவீட்டுக் கிழவர்கள் அவன் உயிரை வாங்கினார்கள். பலாங்கொடைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தும் அவனுக்குத் தோட்ட வேலை தெரியாது. அம்மா தங்கம்மா தெரியவிடவில்லை. கொழுந்து பறித்தே தேய்ந்த மனுஷிக்கு ஒரே ஒரு வைராக்கியம்: காலைப் பெரட்டில் கங்காணி பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும்போது தன் மகன் பேர் ஒருநாளும் அதில் வரக்கூடாது.

வரவும் இல்லை. பாட்டுக்கார விதுர்ஷனோடும் டிரம்ஸ் அடிக்கும் ஹஸீபோடும் சேர்ந்து அவன் பேண்ட் தொடங்கினான். தோட்டத்துக் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், அவர்கள் வீட்டுக்குப் போன பிறகு பயிற்சி. சுருதி பார்க்கும் கருவி வாங்க வக்கில்லை. ஃபேக்டரிச் சங்கு ஊதும்போது கம்பியை அதோடு சேர்த்து முறுக்கிக்கொள்வார்கள். பெரட்டுக்கு ஆள் கூப்பிடுவதும் அதே சங்குதான்.

பெல்மதுளைக் கல்யாண வீடு ஒன்றில் பாதியிலேயே மைக்கைப் பிடுங்கினார்கள். பிறகு ஃபேக்டரி மூடப்பட்டது, சங்கும் ஓய்ந்தது; கொழுந்து பறிப்பது மட்டும் நடந்தது. அடுத்த மாரியில் ஏழாம் நம்பர் மலை சரிந்து, பெரட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்களைக் கங்காணியோடு சேர்த்து மூடியது. அந்தத் துக்கத்தில் பிறந்த பாட்டுதான் ‘பெரட்டு’. அதன் ஆரம்பத்தில் கிருஷ்ணராஜ் சங்கின் சுரத்தை நீளமாக இழுப்பான். அது எந்தக் கட்டையிலும் சேராது என்று ஸ்டுடியோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். யூடியூபில் கேட்டவர்களுக்கோ அதுதான் பிடித்துப்போனது. சிங்களப் பையன்களும் முணுமுணுத்தார்கள், பஸ்ஸில் போட்டார்கள், கொழும்பில் பெரிய மேடையும் கிடைத்தது.

அந்தச் சந்தோஷத்தில் கொழும்பிலேயே தங்கி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தங்கை சுஜீதா போன் பண்ணினாள். பாட்டு எங்கே கேட்டாலும் அம்மா கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு பழைய பெரட்டுக் களத்துக்குப் போய்விடுகிறாளாம். புத்தி பிசகிவிட்டது என்று அழுதாள். கிருஷ்ணராஜ் அடுத்த பஸ்ஸைப் பிடித்தான்.

அவன் போய்ச் சேர்ந்த அன்று பகலில் பக்கத்து வீட்டில் யாரோ பாட்டைப் போட்டார்கள். அம்மா எழுந்தாள். இவன் பின்னாலேயே போனான். களத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல். அம்மா, இரண்டு பக்கமும் ஆட்களுக்கு இடம் விட்டு, வரிசையில் நிற்பவளைப் போல நின்றாள். அந்த இடங்களில் புல் மிதிபட்டுக் கிடந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டவள் பணிவாகச் சொன்னாள்:

“அவன் இல்லிங்க. கொழும்புல இருக்கான்.”

யாரிடம் பேசுகிறாள் என்று கேட்டான். அம்மா தெளிவாகத்தான் இருந்தாள். அதுதான் அவனை நடுங்க வைத்தது.

“ஏழாம் நம்பர்ல போனவங்கதான். சங்கு கேட்டா வந்து நிக்கிறாங்க. கங்காணி எல்லாரு பேரயும் கூப்பிட்டுட்டு, கடசியா ஒன் பேரக் கூப்பிடுறாரு. யாராச்சும் போயி இல்லன்னு சொல்லணும்ல ராசா?” முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். “நீ மட்டும் தப்பித்தவறி பதில் சொல்லிறாத.”

கொழும்புக்குத் திரும்பியதும் நண்பர்களிடம் சொன்னான். விதுர்ஷன் சிரித்தான். ஹஸீப் சிரிக்கவில்லை. கடைசியில் மேடையில் அந்தச் சுரம் வேண்டாம் என்று முடிவானது. நிகழ்ச்சியன்று, அம்மா முட்டி வீங்கிப் படுத்துவிட்டாள், எழுந்திருக்க முடியவில்லை என்று சுஜீதா செய்தி அனுப்பியிருந்தாள். நல்லவேளை அந்தச் சுரத்தை விட்டோம் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

மேடையில் ‘பெரட்டு’ என்று விதுர்ஷன் அறிவித்ததும் கிருஷ்ணராஜ் கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டான். கூட்டம் அந்தச் சுரத்துக்குக் காத்திருந்தது. பிறகு முன்வரிசையில் யாரோ அந்தச் சுரத்தை வாயால் இழுத்தார்கள். பாட்டை மனப்பாடமாக வைத்திருந்த கூட்டம், அவன் வாசிக்காமல் விட்டதைத் தானே எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கான வாய்களிலிருந்து, இம்மியும் பிசகாமல், அதே சங்கு. நிறுத்தச் சொல்லக் கையை ஆட்டினான். அவர்கள் இன்னும் பலமாக இழுத்தார்கள்.

பாட்டு தொடங்கும் முன் விதுர்ஷன் ஒவ்வொருவர் பேராகச் சொல்லி அறிமுகம் செய்வதும், அவர்கள் கையைத் தூக்குவதும் எப்போதும் உள்ள வழக்கம். விதுர்ஷன் ஹஸீபின் பேரைச் சொன்னான். ஹஸீப் குச்சியைத் தூக்கிக் காட்டினான். அடுத்து இவன் பேர் கேட்டது. பழக்கதோஷத்தில் கையைத் தூக்கி, மைக்கில், “இருக்கேன்” என்றான்.

கூட்டம் கைதட்டியது. விதுர்ஷன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, மேடையின் அந்தக் கோடியில் குனிந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.