பனிக்கு அடியில் சிவப்புக் கோடு

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது ஓர் இலையுதிர்காலக் காலையில். வேலைக்குப் போகச் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தவர், வலது கை நாடாவைப் பிடிக்கவில்லை என்று என்னை நிமிர்ந்து பார்த்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அம்புலன்ஸ் சீக்கிரம் வந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் நோர்வேஜிய மொழியில் அவருடைய பெயரைக் கேட்டார். இவர் என் பக்கம் திரும்பி, சொல்லைத் தேடித் தேடி, "என்ன... கேக்கிறா?" என்றார்.

அவருக்குக் கேட்டது. விளங்கவில்லை. ஒஸ்லோவில் அத்தனை வருடம் பஸ் ஓட்டியவர், தடத்தில் ஏறும் கிழவிகளோடு மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் ஓயாமல் கதைத்தவர், ஒரே காலையில் அந்த மொழியைத் தொலைத்துவிட்டார். தமிழ் உடைந்து உடைந்து திரும்பியது. சில வாரங்களில் நோர்வேஜியம் காதுக்கு விளங்கத் தொடங்கியது, வாய்க்குத்தான் வரவில்லை. வரலாம், வராமலும் போகலாம், அவசரப்படுத்தாதீர்கள் என்றார் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்.

அவசரப்படுத்த இவர் வீட்டை விட்டு வெளியே வந்தால்தானே. ஒஸ்லோவின் ஓரத்தில், ரொம்சோஸில், எங்கள் வீடு மூன்றாம் மாடியில். லிஃப்டில் யாராவது "ஹாய்" சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று குப்பை போடக்கூட இறங்கமாட்டார். பஸ் ஓட்டும் அனுமதியும் போயிருந்தது. நான் சிறுவர் பள்ளியில் வேலை செய்கிறேன். பின்னேரம் வீட்டுக்கு வரும்போது, காலையில் விட்டுப்போன அதே சோபாவில், அதே பக்கம் பார்த்தபடி இருப்பார்.

டிசம்பரில் அவரோடு வேலை செய்த ஓட்டுநர்கள் நாலைந்து பேர் வந்தார்கள். வருடா வருடம் ஐஸில் துளை போட்டு மீன் பிடிக்கப் போகிறவர்கள் அவர்கள். மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு மீன் பிடிக்கத் தெரியாமலா இருக்கும் என்று இவரை ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவார்கள். இவர் ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் என்பார். உண்மையில் இவருடைய அப்பா தபால் கந்தோரில் வேலை செய்தவர், மீனைச் சந்தையில் மட்டும் பார்த்தவர். அது அவர்களுக்குத் தெரியாது. அன்று எல்லாரும் சேர்ந்து வாங்கிய, தண்ணீருக்கு அடியில் மீன் நிற்பதைத் திரையில் காட்டும் ஒரு சோனார் பெட்டியை மேசையில் வைத்தார்கள். தோளில் தொங்கவிடும் பை, அதற்குள் சின்னத் திரை, ஒரு பட்டரி, ஒரு மிதவை, நீளமான வயரின் நுனியில் உள்ளங்கைக்குள் அடங்கும் கறுப்புக் குமிழ். இவர் ஒரு சொல்லும் சொல்ல முடியாமல் தலையை மட்டும் ஆட்டினார். அவர்கள் போனதும், "கீழ வை" என்றார். நான் அதை நிலக்கீழ் சாமான் அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

ஜனவரியில் ஒருநாள் அந்த அறையில் ஜாடி ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். நாலாம் மாடியில் இருக்கும் கோயம்புத்தூர்ப் பெண் தன் சூட்கேஸை வைக்க வந்தாள். மென்பொருள் வேலைக்கு வந்து அவளுக்கு அது முதல் குளிர்காலம்.

"அக்கா, இது ஃபிஷ் ஃபைண்டர் தானே? சும்மாவா வெச்சிருக்கீங்க?"

"அவருக்குக் குடுத்தது புள்ள. அவர் தொடமாட்டார்."

"அப்போ நாம போலாமா? எனக்கு இங்க சண்டேன்னா சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கிறதுதான் வேலை."

நான் சிரித்துவிட்டேன். பிறகு, ஏன் போகக்கூடாது என்று பட்டது. வீட்டில் இரண்டு பேர் சுவரைப் பார்ப்பதைவிட ஒருவராவது வேறு எதையாவது பார்க்கலாம்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் காடு, காட்டுக்குள் நடக்கும் தூரத்தில் ஏரி. அந்த ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரும் போனோம். ஐஸ் துளைக்கும் துறப்பணத்தை, விளையாட்டுச் சாமான்களை இலவசமாக இரவல் தரும் இடத்தில் எடுத்திருந்தோம். ஐஸ் உடைந்து விழுந்தால் குத்திப் பிடித்து ஏறுவதற்கு ஆணி வைத்த இரண்டு கைப்பிடிகளையும் அவர்களே தந்து, கழுத்தில் மாட்டச் சொல்லியிருந்தார்கள். நான் துளை போட்டேன். அவள் சூப் கரண்டியால் பனிக்கூழை அள்ளி வெளியே கொட்டினாள். குமிழைத் தண்ணீருக்குள் விட்டோம். திரையில் அடித்தரை தடித்த சிவப்புக் கோடாக வந்தது. இரண்டு பேரும் சத்தம் போட்டோம். நாங்கள் கத்தி முடிப்பதற்குள் திரை மங்கி அணைந்தது.

வீட்டுக்கு வந்து ஜாக்கெட்டைக் கழற்றியபடியே, "அது பழுது" என்றேன்.

சோபாவிலிருந்து சத்தம் வந்தது. "பட்டரி."

"என்ன பட்டரி?"

"கீழ... குளிர். குளிர்ல வைச்சா... செத்துப் போகும். பஸ்ஸும்... அப்பிடித்தான்."

அவ்வளவு நீளமாக அவர் பேசி எவ்வளவோ நாளாகியிருந்தது. நான் திரும்பிப் பார்க்காமல், "அப்ப என்ன செய்யிற?" என்று கேட்டேன். பார்த்தால் நிறுத்திவிடுவாரோ என்று பயம்.

"இஞ்ச கொண்டா."

அன்றிலிருந்து சோனார் எங்கள் சாப்பாட்டு மேசையின் ஓரத்துக்கு வந்தது. பட்டரியை வீட்டுச் சூட்டில் வைத்து, முழுதாக ஏறும்வரை சார்ஜ் செய்தார். பழைய கம்பளிக் காலுறை ஒன்றைக் கேட்டு வாங்கி, அதற்குள் பட்டரியைச் செருகினார். வயர் பொருத்தும் இடத்தில் ஈரம் பட்டுப் பச்சை பூத்திருந்தது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியால் அதைத் துடைத்தார். இடது கையால்தான் தொடங்கினார். ஆனால் வயரின் முனையைத் திருகுவதற்கு இரண்டு கையும் வேண்டும். கைப்பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர்ப் பந்தைத் தொடவே மாட்டாதவர், அந்தத் திருகைப் பிடிக்க வலது கை விரல்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நான் குசினியில் நின்று பருப்பைக் கிண்டுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பட்டரி நின்று பிடித்தது. ஆனால் திரை முழுக்கக் கலங்கல். எங்கள் தூண்டில் முள்கூடத் தெரியவில்லை. திரும்பி வந்ததும் மேல்வீட்டுப் பெண்ணும் என்னோடு வந்து அவருக்கு விளக்கினாள்.

"அண்ணா, பேட்டரி சூப்பர். ஆனா அடில ஒரே குழப்பமா வருது."

அவள் 'பேட்டரி' என்பது அவருக்கு எப்போதும் சிரிப்பு. சிரித்தார். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்து, குமிழை வயரில் தொங்கவிட்டுக் காட்டினார். நேராகத் தொங்கினால் அது நேரே கீழே பார்க்கும். சாய்ந்தால் எங்கேயோ பக்கவாட்டில் பார்க்கும். நாங்கள் அதைத் துளையின் விளிம்பில் சாத்தி வைத்திருந்தோம்.

"மிதவையில... தொங்க விடணும். ஐஸின்ர அடிய விட... கொஞ்சம் கீழ."

"நீங்களே வந்து வெச்சுக் குடுங்கண்ணா."

அவர் குமிழை மென்துணியால் துடைத்து, வயரை மடங்காமல் வளையமாகச் சுற்றிப் பைக்குள் வைத்தார். கடைசியில், "நீங்க ரெண்டு பேரும்... இதை உடைச்சுப் போடுவீங்க" என்றார்.

அது வருகிறேன் என்பதற்கு அவருடைய சொல்.

அதற்கடுத்த ஞாயிறு வெயில் அடித்தது. ஏரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆட்கள், மடக்கு நாற்காலிகளில், முதுகைக் காட்டிக்கொண்டு. ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தார். தோள் இறங்கித் தளர்ந்ததை நான் கவனித்தேன். நான் துளை போட்டேன். அவர் முழந்தாளிட்டு, மிதவையில் குமிழைத் தொங்கவிட்டு, ஆட்டம் நிற்கும்வரை காத்திருந்தார். திரையின் உணர்திறனை முழுக்கக் குறைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். அடித்தரை சிவப்பாக வந்தது. இன்னும் கூட்டினார். மேலே மெல்லிய பச்சைக் கோடு ஒன்று வந்தது. அவர் தூண்டில் நூலைத் தூக்கினார், கோடும் எழும்பியது. இறக்கினார், கோடும் இறங்கியது.

"நம்ம முள்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

கொஞ்ச நேரத்தில் திரை திடீரென்று கெட்டது. மேலிருந்து கீழ்வரை கோடு கோடாக, ஓடிக்கொண்டே இருந்தது. அவர் வயரைத் தொட்டார், பட்டரியைப் பார்த்தார், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்போது பக்கத்துத் துளையில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்த நோர்வேஜிய மனிதர் எழுந்து எங்களை நோக்கி வந்தார். சிவப்புத் தாடி, முழங்கால்வரை பனிச் சப்பாத்து. அவரிடமும் ஒரு சோனார் இருந்தது.

"உங்களுடையது ஓடுகிறதா?" என்று நோர்வேஜியத்தில் கேட்டார். "என்னுடையதுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டும் ஒன்றையொன்று குழப்புகின்றன போல."

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மேல்வீட்டுப் பெண் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு நோர்வேஜியம் அரைகுறை, ஆனால் என் கணவரின் முகத்தை அவள் பார்த்திருந்தாள். அவர் வாய் திறந்தபடி இருந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. அந்த மனிதர் அவசரப்படவில்லை. கையுறையைக் கழற்றி மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"வெந்த்," என்றார் என் கணவர். பிறகு, "வெந்த் லித்."

கொஞ்சம் பொறுங்கள். பஸ்ஸின் பின்கதவில் முட்டி மோதுகிறவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார். அது வந்த வழி அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து பெட்டியின் ஓரத்தில் இருந்த பொத்தானைத் தேடினார். இரண்டு சோனார்கள் அருகருகே இருந்தால் ஒன்றின் சத்தம் மற்றதில் விழாமல் விலக்குவதற்கு அந்தப் பொத்தான். ஒரு தரம் அழுத்தினார்.

"நோ?" என்றார். இப்போது?

அந்த மனிதர் தன் துளைக்கு ஓடிப்போய்த் திரையைப் பார்த்தார். "நெய்!" என்று கத்தினார். இல்லை.

மறுபடி அழுத்தினார். "நோ?"

"நெய்!"

"நோ?"

"யா! யா, நிறுத்துங்கள், அப்படியே விடுங்கள்!"

எங்கள் திரையும் தெளிந்திருந்தது. அடியிலிருந்து ஒரு தடித்த கோடு மெல்ல எழும்பி எங்கள் பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மஞ்சளாக இருந்து சிவப்பாகியது. மேல்வீட்டுப் பெண் மூச்சு விடாமல், "அண்ணா, அண்ணா, வந்திருச்சு" என்றாள். நூல் துடித்தது. அவர் இடது கையால் இழுத்தார், வலது கை நூலைப் பிடித்துக்கொண்டது. வெளியே வந்தது, இங்கே அப்போர் என்று சொல்லும் கையளவு ஏரி மீன், உடம்பில் பட்டை பட்டையாகக் கோடு, துடுப்பெல்லாம் செம்மஞ்சள். தாடிக்காரர் அங்கிருந்தே கட்டைவிரலைக் காட்டினார்.

நான் அழுதேன். வெயில் ஐஸில் பட்டுக் கண் கூசுகிறது என்று சொல்லிக்கொண்டேன். ஒருவரும் நம்பவில்லை.

அந்த மீனின் முள்ளை எடுத்து, தோலை உரித்து, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பூசிப் பொரித்தேன். ஆளுக்கு இரண்டு வாய்தான் வந்தது. மேல்வீட்டுப் பெண் தன் அம்மாவுக்கு வீடியோவில் தட்டைக் காட்டினாள்.

அதன் பிறகு எல்லாம் ஒரேயடியாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். மார்ச்சில் ஐஸ் இளகத் தொடங்கியதும் ஏரிக்குப் போக முடியாமல், அவர் மறுபடி சோபாவில் உட்கார்ந்த நாட்கள் உண்டு. பேச்சுப் பயிற்சிக்குப் போய், ஒரு சொல்லும் வராமல் கோபத்தோடு திரும்பிய நாட்களும் உண்டு. ஆனால் போனார். லிஃப்டில் யாராவது "ஹாய்" சொன்னால் "ஹாய்" என்று திருப்பிச் சொன்னார். கோடை முழுக்க, மாதம் ஒருமுறை நினைவாகப் பட்டரியைச் சார்ஜில் போட்டார். வெறுமையாகக் கிடந்தால் அது திரும்ப எழும்பாதாம்.

அடுத்த குளிர்காலத்தில் அந்த இரவல் கொடுக்கும் இடத்தில் துறப்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அங்கே பழுதாகக் கிடந்த சோனார் ஒன்றைத் திறந்து பார்க்கலாமா என்று அவராகவே கேட்டார். வயரின் முனைதான் பழுது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் அங்கே போகிறார். பஸ் ஓட்டும் அனுமதி திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். அதைப் பற்றி ஒருநாள் பேசினார், பிறகு பேசவில்லை.

போன மாதம் பனி விழுவதற்கு முன்பே ஏரி உறைந்துவிட்டது. ஐஸ் கண்ணாடிபோல் கறுப்பாக, தெளிவாக இருந்தது. நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். கரையோரத்தில் ஒரு சிறு துளை போட்டு, ஐஸ் போதிய தடிப்பா என்று பார்த்துவிட்டு, அவர் போத்தலிலிருந்து கொஞ்சம் தண்ணீரை ஐஸ்மேல் ஊற்றி, அந்த ஈரத்தில் குமிழை அழுத்தி வைத்தார். அடித்தரை தெரிந்தது.

"இதென்ன, துளையே இல்லாமல்?"

"ஐஸ் தெளிவா இருந்தா... ஊடால பாக்கும். இடையில காத்து இருக்கக்கூடாது, அதுக்குத்தான் தண்ணி."

அப்படியே இடம் இடமாக ஊற்றிப் பார்த்துக்கொண்டு நடந்தோம். நடுவில் ஓர் இடத்தில் தரை சடாரென்று கீழே இறங்கியது. அதற்கு மேலே மூன்று நாலு கோடுகள் அசைந்தன. நான் துறப்பணத்தை நீட்டி நிமிர்த்தினேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கினார்.

"தள்ளி நில்லு," என்றார். "நான் போடுறன்."