அத்தை டீ போட்ட நாள்

படகுத்துறையில் என் அத்தையின் பட்டப்பெயர் பட்டாசு. உயிர்மீனைக் காய்ந்த கையால் தொட்டவர் யாராக இருந்தாலும் புறங்கையில் பட்டென்று ஓர் அடி விழும். காய்ந்த கை பட்டால் மீனின் வழவழப்பு உரிந்துவிடும், அப்புறம் அது பிழைக்காது. இதையெல்லாம் அவள் விளக்கிக்கொண்டிருக்க மாட்டாள். அடிப்பாள், அவ்வளவுதான்.

தூண்டில் போட ஆசைப்பட்டு வருகிறவர்களை அப்பா தன் படகில் கடலுக்குக் கூட்டிப்போவார். அவர்களுக்கு இரைமீன் மாட்டிக் கொடுப்பது இருபத்தாறு வருஷமாக அத்தையின் வேலை. பாறையடியில் கிடக்கும் பெரிய களவா மீன் வெட்டிய துண்டுக்கு மசியாது; இரை உயிரோடு துடிக்க வேண்டும். கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில் வேண்டாமென்று எழுந்து வந்தவள் அத்தை. அதன்பின், இரைத்தொட்டிக்குப் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியைத் தவிர வேறெங்கும் அவள் நிம்மதியாக உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஐந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பியபோது அந்தப் பெட்டியில் அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அத்தை படகின் ஒரு மூலையில் டீ அடுப்போடு நின்றாள். வருகிறவர்கள் முன்னால் அவள் கத்துவது தொழிலுக்கு ஆகாதாம். மாப்பிள்ளை சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறாராம். அப்பா இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று ஆறு பேர் வந்திருந்தார்கள். மாதம் தவறாமல் வரும் பல் டாக்டரும் அதில் ஒருவர். அக்கா வீட்டுக்காரர் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, இரைமீனின் முதுகில் தூண்டில் முள்ளைக் குத்தினார். மேல்தண்ணீரில் அப்படி மாட்டினால் அழகாக நீந்தும். ஆனால் நாங்கள் பிடிக்கப் போனது அடிமீன். ஈயக்குண்டு இழுக்க இழுக்க, முதுகில் மாட்டிய மீன் குறுக்கே இழுபட்டு, செவுளில் தண்ணீர் ஒழுங்காகப் பாயாமல், தரை தொடுமுன்னே செத்துப்போகும். இரண்டு உதட்டையும் சேர்த்து மாட்டினால்தான் தலை முன்னால் போக, மூச்சு விட்டுக்கொண்டே இறங்கும்.

நான் வாயைத் திறந்தேன். அத்தை என் காலை மிதித்தாள்.

மதியம்வரை ஒன்றும் கடிக்கவில்லை. நண்டு கொறித்த செத்த இரைகள்தான் மேலே வந்தன. அப்பா மூன்று முறை இடம் மாற்றினார், நீரோட்டத்தைத் திட்டினார். அத்தை மூன்று முறை டீ போட்டாள். ஒவ்வொரு கோப்பையையும் சிரித்த முகத்தோடு நீட்டினாள். அதைவிடப் பயங்கரமான கோபத்தை நான் சுற்றிய எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

கடைசியில் பல் டாக்டர் பொறுக்காமல் தன் தூண்டிலை அவளிடமே நீட்டினார். அவள் கையை நனைத்து ஒரு மீனை அள்ளி, நொடியில் உதட்டில் மாட்டினாள்.

"எல்லாம் வாயிலதான் இருக்குன்னு உங்களுக்குக்கூடவா தெரியாது டாக்டர்?"

பத்து நிமிஷத்தில் தூண்டில் வில்லாக வளைந்தது. தொடை கனத்துக்கு ஒரு களவா மேலே வந்தது. "எங்க குடும்பக் கை சார் இது" என்று அப்பா தட்டிக் கொடுத்தது மாப்பிள்ளையின் தோளை. பிறகு அத்தையிடம் குரலைத் தாழ்த்தி, காலையிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன என்று கேட்டார்.

"டீயைப் பத்திக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேண்ணா."

கரை சேர்ந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த படகை நோக்கி நடந்தாள். அந்தப் படகுக்காரர் அவளைப் பல வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்.

"பெட்டி நம்ம படகோடது" என்றார் அப்பா. தங்கை போகிறாளே என்று அந்த வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

அத்தை திரும்பி வந்து பெட்டியை அவர் காலடியில் போட்டாள். "வச்சுக்கோ. மாப்பிள்ளைக்கு உக்கார வேணுமில்ல."

மறுநாள் காலை அப்பா டீ பாத்திரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பாத்திரத்தை எடுத்து அக்கா வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். அடுத்த படகில் யாருடைய புறங்கையிலோ பட்டென்று விழுந்த சத்தம் எங்கள்வரை கேட்டது. அப்பா காதில் விழாதவர்போலக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.