ஆரணித் தூசுக்கு மூன்று விடைகள்

எல்லோரும் ஆரணிக்குப் பட்டுப்புடவை வாங்கப் போவார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனது, உள்ளங்கை அகல பில்டர் தாள் ஒன்றை எடுத்துவர. சென்னையில் ஒரு காற்றுமாசு ஆய்வகத்தில் எனக்கு வேலை.

ஆரணியில் பவர்லூம் ஓட்டும் செல்விக்கு ஓயாத வீசிங். தறி ஓடும் அறையிலேயேதான் படுக்கையும். தறித் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்று தெரிந்தால் தறியை இடம் மாற்றலாம் என்று காத்திருந்தார். அங்கே முதலில் எடுத்த தாளை மூன்றாக வெட்டி, எங்களுடையது உட்பட மூன்று ஆய்வகங்களில் சோதித்தோம். ஒன்று பயமில்லை என்றது, ஒன்று சுமார் என்றது, ஒன்று மோசம் என்றது. தூசு என்னவோ ஒன்றுதான். ஓரிடத்தில் தாளைத் தண்ணீரில் ஊறவைத்தார்கள், ஓரிடத்தில் ஸ்பிரிட்டில், இன்னோரிடத்தில் சுரண்டி எடுத்தார்கள். பிறகு மூன்று ஆய்வகத்தாரும் கூடிப் பேசி, பொதுவான செய்முறை ஒன்றை எழுதினோம். இது அதன்படி எடுக்கும் முதல் தாள்.

கோயம்பேட்டில் காலை 6.10க்கு பஸ். காஞ்சிபுரம், செய்யாறு வழியாகச் சுமார் 140 கிலோமீட்டர், டிக்கெட் 125 ரூபாய். செய்யாறில் கம்பெனி பஸ்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு, ஆரணி சேரும்போது மணி பத்தேகால். ஆட்டோ அறுபது ரூபாய்.

"பொடவைக்கா சார்? நல்ல கடைக்கு இட்டுகினு போறேன்," என்றார் ஓட்டுநர்.

"இல்லைங்க, காத்தைச் சோதிக்க வந்தேன்."

"காத்தா? அதுக்கு ஏன் சார் இவ்ளோ தூரம்?"

செல்வி வீட்டில் முன்பே வைத்திருந்த, காற்றை இழுத்துத் தூசைத் தாளில் பிடிக்கும் கருவியைத் திறந்தேன். இரண்டு நாள் ஓடிச் சாம்பல் நிறமாகியிருக்க வேண்டிய தாள், வெளுத்துக் கிடந்தது.

"ரொம்ப அழுக்காயிடுச்சிங்க. பொடவைல ஒரு பொட்டு தூசு இருந்தாலே கடைக்காரரு திருப்பி அனுப்பிடுவாரு. உங்க பொருளாச்சேன்னு பிரஷ்ஷால தட்டி வெச்சேன்," என்றார்.

"யாருங்க தட்டச் சொன்னது?" என்று கத்திவிட்டேன். அப்புறம் செய்முறையைப் புரட்டினேன். பதினான்கு படிகள். தாளைத் துடைக்கக் கூடாது என்று ஒரு வரி இல்லை. அவரவர் கைப்பழக்கமே சரி என்று நாங்கள் மூன்று ஆய்வகத்தாரும் இருந்தது போலத்தான் அவரும் இருந்திருக்கிறார். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன்.

இப்படிக் கருவி வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: செய்முறையை முதலில் வீட்டுக்காரர்களிடம் படித்துக் காட்டுங்கள். காலை முதல் பஸ்ஸைப் பிடியுங்கள், பகலிலேயே திரும்பிவிடலாம்.

புதுத் தாளைப் பொருத்திவிட்டு, முடிவு வர இன்னும் ஒரு மாதமாகும் என்றேன். செல்வி தறி அறைக்குள் போனார். பாய், தலையணையைச் சுருட்டிக்கொண்டு வந்து சமையலறையில் போட்டார்.

"நீங்க மூணு பேரும் ஒரே பதில் சொல்ற வரைக்கும் நான் மூச்ச புடிச்சிகினு இருக்க முடியுமாங்க?"