மாற்றாள்

இது கட்டுக்கதை இல்லை. சுருளிராஜன் இன்னமும் காமயகவுண்டன்பட்டியில்தான் இருக்கிறார். கம்பத்தில் டவுன் பஸ் ஏறினால் சீக்கிரமே அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம். ஆனால் நீங்கள் கேட்டால் வாயைத் திறக்கமாட்டார். பேய் என்றால் நடுராத்திரி, புளியமரம், நாய் ஊளை என்று ஆசைப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. 2004-ஆம் வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரை மணி. அப்போது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. அதனால் இனி 'அவன்' என்றே சொல்கிறேன்.

முதலில் வேலையைச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் பயம் புரியாது. சுருளிராஜனும் கம்பத்து ஆரிப்பும் ஓமான் பாலைவனத்தில், எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ஒரே ரிக்கில் வேலை பார்த்தார்கள். ஒரே வேலை, ஒரே கட்டில். ஆனால் சேர்ந்து இருந்ததே இல்லை. ஒருவனுக்கு இன்னொருவன் மாற்றாள். இவன் ஊரில் இருந்தால் அவன் மணலில். அவன் ஊருக்கு வந்தால் இவன் மணலில். கேம்ப் வாசலில் வண்டி மாறும்போது தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அது பெரிய குறைதான்.

பூமியைத் துளைக்கும்போது சேற்றோடு மேலே வருகிற கல்துணுக்கை அள்ளிக் கழுவி, ஜியாலஜிஸ்டிடம் கொடுப்பது அவர்கள் வேலை. மேலே மணல்பாறை. அதன்கீழே களிப்பாறை. அதற்கும் கீழே, துளைக்கத் துளைக்கத் தீராத வெறும் உப்பு. அந்த மணல்காடு ஒரு காலத்தில் கடலாம். கடல் வற்றி உப்பாய்ப் படிந்து, அதன்மேல் மண் மலைமலையாய் மூடிக்கொண்டதாம். இந்த உப்பு பானைக்கு மூடி போட்டமாதிரி அடைத்துக்கொண்டு இருந்ததால்தான் அடியில் எண்ணெயும் கேஸும் தப்பிக்காமல் கிடந்தன. கம்பெனிக்கு வேண்டியது அது.

ஆனால் அந்த கேஸோடு இன்னொன்றும் வரும். அழுகின முட்டை வாடை. வாடை அடித்தால் காற்றுக்கு எதிராக ஓடி மேட்டில் ஏறிவிட வேண்டும். அது கனத்த வாயு, பள்ளத்தில்தான் தேங்கும். வாடை திடீரென்று நின்றுபோனால் கேஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து சாவது ஆள்.

அந்தத் தடவை சுருளிராஜன் திரும்பிப் போகவேண்டிய தேதி தாண்டிவிட்டது. அவன் தோட்டத்தில் திராட்சைப் பறிப்பு தள்ளிப்போயிருந்தது. அவன் போகாமல் ஆரிப் வரமுடியாது. ஆரிப்புக்கோ ஊரில் பெண்குழந்தை பிறந்திருந்தது. சானியா என்று பேர் வைத்திருந்தார்கள். அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. குழந்தையின் நாற்பதாம் நாளுக்குள் வந்துவிடுவேன் என்று மனைவி சாபிராவிடம் சத்தியம் செய்திருந்தான். அப்படியும் போனில், "ஏலே, பழத்தப் பறிச்சுட்டே வா. நான் இங்கன பாத்துக்கிறேன்" என்றான். அவன் அப்படிப்பட்ட ஆள்.

அந்த வெள்ளிக்கிழமை, பழம் பறிக்க வந்த பெண்கள் சாப்பிட வரப்புக்குப் போய்விட்டார்கள். பந்தலுக்குள் சுருளிராஜன் மட்டும் குனிந்து கொடி கட்டிக்கொண்டிருந்தான். லேசாக ஒரு வாடை வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கொடிக்குக் கந்தகம் தூவுகிறார்கள் என்று நினைத்தான்.

கந்தகம் இல்லை. அழுகின முட்டை.

கரண்டு போனது. மோட்டார் நின்றது. வாய்க்காலில் தண்ணீர்ச் சத்தமும் மெல்ல மெல்ல அடங்கியது. நிமிர்ந்து பார்த்தான்.

பந்தலின் கடைசியில், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஆரிப் நின்றான்.

சுருளிராஜனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கம்பெனி வேறு மாற்றாளைப் போட்டு இவனை அனுப்பிவிட்டது போலிருக்கிறது! வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தோட்டத்துக்கு வந்திருக்கிறான், பைத்தியக்காரன்.

"ஏலே ஆரிப்! அங்கனயே ஏன்டா நிக்கிற? இங்கன வாடா!"

கத்திய பிறகுதான் ஒவ்வொன்றாய்க் கண்ணில் பட்டது. ரிக் உடுப்பு. விமானத்தில் யார் அதைப் போட்டுக்கொண்டு வருவார்கள்? பூட்ஸ் முழுக்க வெள்ளையாய் உப்புப் பொடி. ஆரிப் நல்ல உயரம். பந்தலுக்குள் எப்போதும் கூன்போட்டுத்தான் நடப்பான். இன்றைக்கு நிமிர்ந்து நின்றான். பந்தல் கம்பி அவன் கழுத்துக்கு நேராக இருந்தது. அது அவன்மேல் இடிக்கவே இல்லை...

ஆரிப் இடதும் வலதும் பார்த்தான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவன் மாதிரி. அப்புறம் கண்டுகொண்டான். முகம் மலர்ந்தது. ஓடிவரத் தொடங்கினான்.

தரையெல்லாம் ஈரம். ஆனால் கேட்டது சரக்... சரக்... சரக்... சரளைக்கல்லில் ஓடுகிற சத்தம்.

ஓடிக்கொண்டே இருந்தான். பக்கத்தில் வரவே இல்லை.

ஒரு இலைகூட அசையவில்லை.

"சுருளி... அங்கன நிக்காதடா... மேட்டுக்கு ஓடு..."

வாடை குபீரென்று ஏறியது.

பிறகு...

நின்றுபோனது.

ஆரிப் இல்லை.

சுருளிராஜன் எப்படி பஸ் ஏறினான், எப்படிக் கம்பத்தில் இறங்கினான் என்பது அவனுக்கே நினைவில்லை. வெயிலில் கண் இருட்டியிருக்கும், ஆரிப் வீட்டுக்குப் போயிருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டே நடந்தான். சாபிரா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஆரிப் வந்துட்டானாம்மா?" என்று கேட்டான். கேள்வியாகத்தான் கேட்டான். அவள் காதில் அது சேதியாக விழுந்துவிட்டது.

"வந்திருக்காகளா! எங்கனண்ணே பாத்தீக?"

அந்த முகத்தைப் பார்த்து வேறு எதைச் சொல்வது? "தோட்டத்துல பாத்தேன்" என்றான். பொய் இல்லையே.

அவ்வளவுதான், வீடே ரெண்டுபட்டது. கறிக்கு ஆள் ஓடியது. பக்கத்து வீட்டு நசீமா வெங்காயம் அரிய உட்கார்ந்தாள். குழந்தைக்குத் தண்ணி வார்த்து, புதுச்சட்டை போட்டு, மைவைத்தாள் சாபிரா. "ஒங்க அத்தா வந்துட்டாகடி... ஒளிஞ்சு வெளாடுறாக" என்று அதன் காதில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சுருளிராஜன் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான். எழுந்துபோகவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. உள்ளுக்குள் அவனுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது.

சாயங்காலம் மக்ரிபு பாங்குக்கு முன்னால் நசீமா வீட்டுப் போன் அடித்தது. ஓமானிலிருந்து. சாபிராதான் பேசினாள். கொஞ்சநேரம் கேட்டாள். பிறகு பொறுமையாகச் சொன்னாள்.

"இல்லங்க. நீங்க ஆள் மாத்திச் சொல்றீக. அவுக ஊருக்கு வந்துட்டாக. சுருளியண்ணன் பாத்துருக்காக..."

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. அதை இறக்க யாருக்கும் தோன்றவில்லை.

அதன்பிறகு சுருளிராஜன் ஓமானுக்குப் போகவில்லை. சில மாதம் கழித்து ஞானதுரை தேடிவந்தார். குமுளிக்காரர், அதே ரிக்கில் கிரேன் ஓட்டுகிறவர். கம்பத்தில் சாபிராவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, நேரே காமயகவுண்டன்பட்டிக்கு வந்திருந்தார்.

"உப்பத் தாண்டுன ஒடனே கேஸ் வந்துருச்சு தம்பி. எல்லாரும் மேட்டுக்கு ஓடிட்டோம். ஆரிப்பும்தான் எங்ககூட ஏறிட்டாரு. பொழச்ச ஆளுய்யா அவரு."

சுருளிராஜன் இடைமறித்தான். "அப்புறம் எப்படி?"

"என்னமோ சத்தம் கேட்ட மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாரு. கீழ ரிக்கப் பாத்தாரு. அங்கன ஒரு ஈ காக்காகூட இல்ல. திடீர்னு மொகமெல்லாம் சிரிப்பு. 'என் மாத்தாள் வந்துட்டான், கூப்பிடுறான்'னாரு. 'நான் ஊருக்குப் போப்போறேன், புள்ளயப் பாக்கப்போறேன்'னாரு. அடுத்த நிமிசம், 'அய்யோ, கேஸுக்குள்ள நிக்கிறானே'ன்னு கீழ எறங்கி ஓடிட்டாரு. புடிக்கமுடியல."

"எத்தன மணிக்கு?"

"அங்க மதியம் பன்னெண்டு. இங்க ஒன்றர இருக்கும்."

"மேல ஏறுனவரு, யாரோ கூப்பிட்ட மாதிரி எறங்கி ஓடிட்டாருன்னு அவரு வீட்லயும் சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்றார் ஞானதுரை.

இப்போதும் கம்பம் கடைவீதியில் சாபிரா அவனைப் பார்த்தால் நின்று பேசுவாள். அந்த மதியம் அவர் எப்படி இருந்தார், சிரித்தாரா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். அவன் ஒவ்வொரு தடவையும் சொல்வான். சிரித்தான் என்பான். ஓடிவந்தான் என்பான். கடைசியில், வளர்ந்துவிட்ட சானியாவின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பும்போது, தனக்குத்தானே கேட்பதுபோல அவள் ஒன்று கேட்பாள்.

"தப்பிச்சு மேல ஏறுனவுக... யாருண்ணே அவுகளக் கூப்பிட்டது?"