இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு மூன்று பூட்டு

தனக்கு எதிரிகள் ஏராளம் என்று ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் அடிக்கடி சொல்லிக்கொள்வார். ஓய்வுபெற்று இரண்டு வருஷமாகியும் அதில் ஒருவன்கூட எட்டிப்பார்க்கவில்லை என்பதில் அவருக்கு உள்ளூர வருத்தம். அந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே பழைய ஸ்டேஷன் ரைட்டர் ஒருநாள் போன் செய்தார்.

"சார், அந்தப் பூட்டு ரிப்பேர்க்காரன் ரிலீஸ் ஆயிட்டான். உங்க வீட்டு அட்ரஸ் கேட்டுட்டுத் திரியறான்."

"கேட்டா கேக்கட்டும்யா," என்று சிரித்துவிட்டு போனை வைத்த இன்ஸ்பெக்டர், முதல் வேலையாக ஜன்னல்களைச் சாத்தினார்.

அந்தக் கேஸ் வீட்டில் எல்லாருக்கும் மனப்பாடம். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு நகைக்கடையில் பூட்டு உடையாமல் திருட்டு நடந்தது. உடைக்காமல் திறக்கத் தெரிந்தவன் யார்? பூட்டு ரிப்பேர்க்காரன். அரை மணி நேரத்தில் துப்புத் துலக்கிய இந்தச் சாகசத்தைச் சாப்பாட்டு மேஜையில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். மகள் சின்ன வயதில் வாய் பிளந்து கேட்பாள். பதினெட்டு வயதாகி காலேஜ் போகும்போதும், "எங்கப்பா மாதிரி வருமா" என்று தோழிகளிடம் பீற்றிக்கொள்வாள். இன்ஸ்பெக்டர் சேர்த்த சொத்திலேயே பெரியது அதுதான்.

மறுநாள் வாசல் கம்பிக் கதவுக்கு மூன்று பூட்டு வந்தது. மகளின் காலேஜ் பஸ்ஸுக்குப் பின்னால் ஹெல்மெட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக ஸ்கூட்டரில் ரகசியமாகத் தொடர்ந்தார். அவ்வளவு ரகசியம், மூன்றாம் நாள் பஸ் டிரைவர் அவர்மேல் போலீசில் புகார் கொடுத்துவிட்டார்.

"குப்பை கொட்டக்கூட உங்ககிட்ட பர்மிஷன் வாங்கணுமா?" என்றாள் மனைவி.

"உன் உயிருக்காகத்தான் சொல்றேன்."

"குப்பை நாறுதுங்க. உயிர் அதுலயே போயிடும்போல."

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அவன் வந்தே விட்டான். நரைத்த தலை, கையில் ஒரு பழைய போன். ஆயுதத்தை எங்கோ ஒளித்து வைத்திருப்பான் என்று இன்ஸ்பெக்டர் முடிவு கட்டினார். மனைவியையும் மகளையும் உள்ளறைக்கு விரட்டிவிட்டு, லத்தியோடு வெளியே பாய்வதற்காகக் கம்பிக் கதவைத் திறக்கப் போனார். இரண்டு பூட்டு திறந்தது. மூன்றாவது மக்கர் செய்தது.

கம்பிக்கு அப்பால் நின்றவன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தான். தொழில் புத்தி விடவில்லை.

"சாவியை லேசா வெளிய இழுத்துத் திருப்புங்க சார். மட்டமான பூட்டு. உங்க தலைல கட்டிட்டாங்க."

பூட்டு திறந்தது. பாய்வதற்கு வைத்திருந்த வேகம்தான் போய்விட்டது.

"எதுக்கு வந்தே?"

"ஒரே ஒரு வார்த்தைக்கு சார். என் பையன் அவன் மாமா வீட்ல வளர்றான். திருடன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு கதவைச் சாத்திட்டான். நான் எடுக்கலைன்னு நீங்க சொன்னா நம்புவான்."

"கோர்ட்டே தீர்ப்புச் சொல்லியாச்சு."

"கோர்ட்டுக்குத் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும்."

தெரியும். கைது செய்த மூன்றாம் மாதமே, திருட்டுப்போன நகையெல்லாம் கடை முதலாளியின் மச்சான் வீட்டில் இருப்பது அவர் காதுக்கு வந்தது. அதற்குள் அந்தக் கேஸுக்காகக் கிடைத்த பாராட்டுப் பத்திரத்துக்குக் கண்ணாடி ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டியாகிவிட்டது. மாட்டியதை யார் கழற்றுவது என்று இன்ஸ்பெக்டர் காதைப் பொத்திக்கொண்டார்.

உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு மகள் வந்து நின்றாள்.

"இவர் எடுத்தாராப்பா? நீங்க சொன்னா நான் நம்பறேன்."

'ஆமாம்' என்றால் போதும். கோர்ட்டில் சத்தியம் செய்துவிட்டு எத்தனையோ சொன்ன வாய்தான். ஆனால் தான் எது சொன்னாலும் நம்பத் தயாராக நின்ற அந்த முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

"எடுக்கல," என்றார்.

பூட்டு ரிப்பேர்க்காரர் நம்பரை அழுத்திப் போனை நீட்டினார். மறுமுனையில் ஓர் இளம் குரல், "யாரு?" என்றது.

"தம்பி, உங்கப்பாவை உள்ள போட்ட இன்ஸ்பெக்டர் பேசறேன். அவர் எதையும் எடுக்கல. எனக்கு அது அப்பவே தெரியும்."

"அப்பாகிட்ட குடுங்க," என்றது குரல்.

பூட்டு ரிப்பேர்க்காரர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். இன்ஸ்பெக்டர் திரும்பினார். மகள் அழவுமில்லை, கத்தவுமில்லை.

"அந்தப் பையனுக்கு அப்ப என்ன வயசுப்பா?"

தெரியாது என்று சொல்லலாம். ஆனால் அப்பாவைப் பார்க்க ஸ்கூல் யூனிஃபார்மோடு ஒரு வாரம் ஸ்டேஷன் வாசலில் நின்றவனை லத்தியைக் காட்டி விரட்டியதே அவர்தான்.

"பதினொண்ணு," என்றார். "அப்ப உனக்கும் அதே வயசுதான்."