வராத குலைநோய்க்கு வாங்கிய ஏச்சு

ஐந்தாம் வகுப்புப் படித்தபோது என்னைப் பொய்க்காரி என்றார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடி அண்ணாமலையில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் நெல். வருஷத்துச் சோறு அதுதான். வானிலையைப் பார்த்துப் பயிருக்கு என்ன நோய் வரக்கூடும் என்று விவசாய ஆபீஸிலிருந்து அப்பாவின் போனுக்குச் செய்தி வரும். அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படித்துச் சொல்வேன். ஐப்பசியில் ஒன்று வந்தது: மேகமூட்டமும் பனியும் நீடிக்கும், நெல்லில் குலைநோய் வரலாம், உடனே மருந்து தெளிக்கவும். மறுநாள் பௌர்ணமி. கிரிவலப் பாதையில் அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து டிபன் கடை போடும் நாள். அப்பா கடையைச் சித்தப்பா தலையில் கட்டிவிட்டு, மருந்து டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

பத்து நாளாகியும் பயிரில் ஒரு புள்ளி விழவில்லை. சுற்றிலும் கடலைக் கொல்லைகள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு நெல்லும் இல்லை. சித்தப்பாவைக் கேட்க வேண்டுமா!

"நோய் எங்க வந்துச்சுண்ணா? பௌர்ணமி கூட்டத்துல என்னை ஒண்டியா தவிக்க வுட்டுட்டு, இந்தப் பொய்க்காரி பேச்சக் கேட்டு ஆடுறியே!"

"மருந்து அடிச்சதாலதான் வரல சித்தப்பா!" என்று கத்தினேன். "வாயப் பாரு, வாய!" என்று அம்மா தலையில் குட்டினாள். நியாயம் பேசினால் குட்டு! அப்பாவாவது ஒரு வார்த்தை சொன்னாரா? சிரித்துக்கொண்டு நின்றார். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மார்கழியில், கதிர் வெளிவரும் சமயம், அதே எச்சரிக்கை மறுபடி வந்தது.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"ஒண்ணுமில்லப்பா, மழை கம்மியாம்" என்றேன். நன்றாகப் படட்டும் என்றிருந்தது.

பட்டார். கதிர்களின் கழுத்து கறுத்து ஒடிந்து வயலே பதராகிப் போனது. என்னையும் கூட்டிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "முன்னாடியே சொல்லிருக்காங்களே, பாக்கலையா நீங்க?" என்றார். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டில் சித்தப்பா காத்திருந்தார். "ஏண்ணா, இந்தத் தடவ மெசேஜ் எதுவும் வரலையா?"

"வரலடா" என்றார் அப்பா.

அப்பாடா, பிழைத்தேன். ஆனால் அடுத்த நிமிஷமே ஆத்திரம் பொங்கியது. அன்றைக்கு எனக்காக வாயே திறக்காத மனுஷர், பொய்யை மட்டும் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்! இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்காகத்தான் அந்த வாயைத் திறந்தார் என்பது உறைக்க எனக்கு வெகுகாலம் பிடித்தது.