மேடம் கொடுத்த முட்டிவலிப் பொடி

வறுத்த வெந்தயமும் சுக்கும் கலந்த வாசனை... சாரம் பகுதியில் அந்த மாடிப்படி ஏறும்போதே மூக்கில் ஏறும். மேலே இரண்டே அறை. ஒன்றில் எங்களுக்கு வகுப்பு. இன்னொன்றில், பாடம் எடுக்கும் மேடமே பேஷண்ட் பார்ப்பார்.

ஹோலிஸ்டிக் நியூட்ரிஷன் டிப்ளமா. ஒரு வருடம் படிப்பு, முடித்ததும் அங்கேயே வேலை. பி.காம். படித்துவிட்டு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த எனக்கு மேடத்தின் பேச்சு புது உலகமாக இருந்தது.

அம்மாவுக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"சாப்பிடறதுக்குச் சொல்லிக் குடுக்க ஒரு படிப்பா? அதுக்குன்னு யாரு வரப்போறா?"

வந்தார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுவது என் வேலை. ஒரு நாளைக்கு ஆறு காபி குடித்துவிட்டு "சர்க்கரையே சேர்க்கறதில்ல" என்பவர்களை எல்லாம் அங்கேதான் பார்த்தேன். அந்த வேலை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

அப்புறம் நான் மங்கா அத்தையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

தவளக்குப்பத்தில் எங்கள் தெருக்காரர். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். நாள் முழுக்கக் கால் மடக்கி உட்கார்ந்து முட்டி போய்விட்டது. மேடம் ஒரு பழுப்புப் பொடி கொடுத்தார். காலை, மாலை வெந்நீரில்.

நாலாம் நாள், அத்தை என் தோளைப் பிடிக்காமல் பஸ் ஏறினார்.

"பாப்பா, உன் மேடத்துக்கு ராசியான கை."

அவர் சொல்லி மார்க்கெட்டிலிருந்து இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரையும் நான்தான் கூட்டிப்போனேன்.

ஆனால் மனதில் ஏதோ இடித்தது. உணவு மெதுவாகத்தான் வேலை செய்யும், வாரக்கணக்காகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரே மேடம்தான். அப்படியிருக்க, நாலு நாளில் எப்படி?

சுக்கு, வெந்தயம், முடக்கத்தான் எல்லாம் நாங்கள்தான் வறுத்து அரைப்போம். கடைசியாகக் கலப்பது மட்டும் மேடம். கதவைச் சாத்திக்கொண்டு.

"அளவு தப்பிடும், நீங்க வேணாம்" என்பார்.

பாக்கெட்டில் லேபிள் ஒட்டலாமா என்று ஒரு தடவை கேட்டேன். "மூலிகைக்கு எதுக்கு லேபிள்?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதவு சாத்தும் சத்தம் கேட்டாலே நான் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்தேன்.

மூன்று மாதம் போனது. அத்தையின் முகம் உருண்டையானது. "சதை போட்டு நல்லா இருக்கா" என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்... ஒரு நாள் மீன் வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போகும்வரை.

வரிசையாக நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேரும் நான் கூட்டிப்போனவர்கள். நாலு பேருக்கும் ஒரே முகம். உப்பிய கன்னம், இடுங்கிய கண். அக்கா தங்கைகள் மாதிரி இருந்தார்கள்.

மேடத்திடம் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உடம்புல இருக்கிற கழிவு வெளிய வருது. தானா இறங்கிடும். இதுகூடப் படிக்கலையா நீ?"

படிக்கவில்லை. என் நோட்டில் எங்கேயும் அப்படி ஒரு வரி இல்லை.

மறுநாள் அத்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அவருக்கு இஷ்டமே இல்லை. பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டேன். டாக்டரம்மா பாக்கெட்டைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்தார்.

"எத்தனை மாசமா சாப்பிடறீங்க?"

ரத்தம் எடுத்தார்கள். அத்தைக்கு அதுவரை இல்லாத சர்க்கரை வந்திருந்தது.

"இதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும்னு சந்தேகப்படறேன். வலிய உடனே அமுக்கும், ஆனா முகம் உப்பும், சர்க்கரை ஏறும். அதுக்காக எல்லாத்தையும் திடீர்னு நிறுத்திடக் கூடாது, அது இன்னும் ஆபத்து. நாங்க மாத்திரை குடுத்துக் கொஞ்சம் கொஞ்சமா குறைக்கிறோம்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்குப் போனதும் மிச்சப் பொடியைச் சாக்கடையில் கொட்டச் சொல்லலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். டிப்ளமா வாங்கியவள்... எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் அத்தை அரியாங்குப்பம் தாண்டியதும் கேட்டார்.

"நீயும் சேர்ந்துதான் கலந்தியா?"

"இல்ல அத்த."

"தெரியாமயா அங்க வேல செஞ்ச?"



வேலையை விட்டேன். மார்க்கெட்டில் ஒவ்வொருவரிடமும் போய், ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கெஞ்சினேன். சிலர் திட்டினார்கள். "உனக்கும் அந்தம்மாவுக்கும் ஏதாவது சண்டையா?" என்று ஒருவர் கேட்டார். டாக்டரம்மா பரிசோதனைக்கு அனுப்பிய பொடியில் ஸ்டீராய்டு இருப்பது உறுதியானது. அதிகாரிகள் வந்தார்கள், மாடி பூட்டப்பட்டது. மேடம் வேறு ஊரில் வேறு பெயரில் போர்டு மாட்டியிருப்பதாகக் கேள்வி.

அத்தைக்கு முகம் வடிந்தது. சர்க்கரையும் இறங்கியது. முட்டிவலி திரும்பி வந்தது. கிட்டத்தட்ட ஒரு வருடம் என்னிடம் அவர் பேசவில்லை.

அப்புறம் ஒரு நாள் தெருவில் கூப்பிட்டார். "என்னா சாப்பிட்டா இந்த வலி குறையும்? நிஜத்தச் சொல்லு."

"நாளாகும் அத்த. வெயிட்டக் குறைக்கணும். முழுசாப் போவும்னு சொல்ல மாட்டேன்."

"சரி. அத சொல்லு."

அப்போது நான் உணவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தேன். இருபத்தாறு வயதில், முதலாமாண்டு மாணவி.

இப்போது ஒரு சின்ன கிளினிக்கில் டயட்டீஷியன். யார் வந்தாலும் என் முதல் பேச்சு, வீட்டில் இருக்கும் பொடி, எண்ணெய், மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள் என்பதுதான். வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. போன வாரம் ஒருவர் உட்காருவதற்கு முன்பே என் சர்டிபிகேட்டைக் கேட்டார். சந்தோஷமாகக் காட்டினேன்.

ஆனால் ஒன்று... அந்த ஒரு வருடம் மேடம் சொன்னதையெல்லாம் எழுதி, அடியில் சிவப்புக் கோடு போட்டு, தவளக்குப்பம் வரும்வரை பஸ்ஸில் படித்துக்கொண்டே வருவேன். இப்போது எவ்வளவு பெரிய டாக்டர் பேசினாலும், பேனா ஒரு நொடி நின்று, இது நிஜமா என்று கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறது.

அதுதான் சரி. ஆனாலும் அப்படியே நம்பிச் சிவப்புக் கோடு போட்ட அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது, கொஞ்சம் பொறாமையாகவும் இருக்கிறது.